தம்பி நடந்தான்!

பிறந்து சில நாட்களே ஆன பாப்பாவின் உள்ளங்கையில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கப்பென்று பிடித்துக்கொள்ளும். "பாப்பாவுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்று தோன்றும். ஆனால் அது யோசித்துப் பிடிப்பதில்லை. கரண்டிக் காம்பை வைத்தாலும் அப்படியே பிடிக்கும். நினைக்காமலே உடல் தானாகச் செய்யும் இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். கன்னத்தைத் தொட்டால் பாப்பா அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறதே, பாலுக்காக, அதுவும் இதுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நடை. ஆமாம், நடை! எங்கள் வீட்டில் என் மகளுக்கு ஒரு தம்பி பிறந்தான். அந்த வாரமே டாக்டர் அவனை அக்குளில் பிடித்து, பாதம் மேசையில் படும்படி நிறுத்தினார். (நீங்களாக இதைச் செய்து பார்க்காதீர்கள்.) ஒரு கால், மறு கால் என்று எடுத்து வைத்தான்! மகளுக்கு ஒரே பெருமை. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் ஆனது. அதே மாதிரி நிறுத்தினேன். கால் அசையவே இல்லை.

"அப்பா, தம்பி நடக்கறத மறந்துட்டானா? காலுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கும் உள்ளே கொஞ்சம் பயம்தான்.

அமெரிக்காவில் எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் இதே கேள்விக்குப் பதில் தேடினார். அவரும் கூட வேலை செய்தவர்களும் குழந்தைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து நிறுத்தினார்கள். கால்கள் நிறைய அடி எடுத்து வைத்தன! காலில் சின்ன எடையைக் கட்டினார்கள். நடை குறைந்தது. 1984-ல் இதை எழுதினார்கள். முதல் மாதங்களில் பாப்பாவின் கால் மளமளவென்று கொழுக்கும். அந்த எடையைத் தூக்கத் தசைக்கு இன்னும் பலம் வந்திருக்காது. தண்ணீர் தாங்கிக்கொண்டால் தூக்க முடியும்.

"மறக்கலம்மா. கால் குண்டாயிடுச்சு, தூக்க முடியல, அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டாள்.

தம்பிக்கு இப்போது ஐந்து மாதம். குப்புற விழுந்து, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுகிறான். பிள்ளைத்தமிழ் நூல்களில் இந்த வயதுக்குச் செங்கீரைப் பருவம் என்று அழகான பெயர் உண்டு. நேற்று அக்காவின் மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடித்து இழுத்தான். அது அனிச்சைச் செயல் இல்லை. வேண்டுமென்றேதான் இழுத்தான்!