மலிவுப் பந்தும் எடின்பரோ வானமும்



எடின்பரோவில் மகன் வீட்டில் நலமாக இருக்கிறேன். "சார், அங்கே பொழுது எப்படிப் போகுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கோல்ஃப் ஆடுகிறேன். சிரிக்க வேண்டாம்! இங்கே அது பணக்காரர்களுக்கு மட்டுமான ஆட்டம் இல்லை. பிரெய்ட் ஹில்ஸ் குன்றின்மேல் 1889இல் திறந்த பொது மைதானம் இருக்கிறது. கட்டணம் கட்டி யாரும் ஆடலாம்.

மகன் விலை உயர்ந்த பந்துகள் வாங்கித் தந்தான். நான் தனியாகப் போய் மலிவு ரகத்தில் ஒரு டஜன் வாங்கி வந்தேன். அந்தப் பந்து ஒன்றின் விலைக்கு இதில் மூன்று வரும். எந்தப் பந்தானாலும் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மலிவுப் பந்து என்பது ரப்பர் உருண்டை, மேலே கெட்டியான உறை, அவ்வளவுதான். மற்றதில் அடுக்குகள் அதிகம். மேலுறை மென்மையான யூரித்தேன்.

வெயில், காற்று, மழை மூன்றும் ஒரே நாளில் வரும் ஊர் இது. இயற்பியல் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? ஒரே மட்டையால் பத்துப் பத்து முறை அடித்து, தப்படியால் அளந்து, சராசரியை நோட்டில் எழுதினேன்.

மலிவுப் பந்து மதிய வெயிலில் 110 தப்படி போனது. காலைக் குளிரில் 104. குளிரில் ரப்பரின் மீள்தன்மை குறையும், காற்றின் அடர்த்தி கூடும். என் தோள்பட்டையின் விறைப்பும் சேர்த்தி! எதிர்க்காற்றில் 90ஐத் தாண்டவில்லை. பக்கக்காற்றில் மட்டும் விலை உயர்ந்ததைவிட இது நேராகப் போனது. சுழற்சி குறைவு என்பதே காரணம். பந்தின் பின்சுழற்சிதான் அதை நெடுநேரம் காற்றில் தாங்குகிறது என்று 1890களிலேயே விளக்கியவர், இவ்வூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஜி. டெய்ட். மழையில் இரண்டு பந்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டும்போது மட்டும் விலை உயர்ந்தது சட்டென்று நிற்கிறது. இது நாலடி ஓடித்தான் நிற்கிறது.

நோட்டில் எழுத முடியாதது ஒன்றும் உண்டு. மைதான ஓரமெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர். உள்ளே போன பந்து போனதுதான். விலை உயர்ந்த பந்தை வைத்தால் கை தயங்குகிறது; அடியும் கோணலாகிறது. மலிவுப் பந்துக்குக் கை தயங்குவதே இல்லை.

நம் ஆய்வகம் நினைவிருக்கிறதா? வெப்பமானி உடைந்தால் பணம் கட்டணுமே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். நூலில் கல்லைக் கட்டி ஊசல் செய்த அன்று அதே நீங்கள் முட்டிமோதிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். அலைவு நேரம் யாருக்கும் மறக்கவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். உடைந்தாலும் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற பொருளைப் பிள்ளைகள் கையில் முதலில் கொடுங்கள். பயம் போன கைதான் கற்றுக்கொள்ளும்.

பன்னிரண்டில் ஐந்து புதருக்குள் போய்விட்டன. மீதி ஏழையும் ஊருக்குக் கொண்டு வருகிறேன். வைகாசி வெயிலில், வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் எத்தனை தப்படி போகிறது என்று பார்த்துவிடுவோம். நோட்டோடு வாருங்கள்.