பரணில் ஒரு ‘டக்’

பரணில் இருந்து மகனின் கட்டைப் பொம்மை டப்பாவை நேற்று இறக்கினேன். பத்து வருஷம் முன்பு அவன் கட்டிய வீடு அப்படியே இருந்தது. ஒரு பழுப்புக் கட்டையைக் கழற்றப் பார்த்தேன். ‘டக்’. ஓரம் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

வெயில் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் டப்பா கிடந்தது இருட்டில்.

இப்படிப்பட்ட கட்டைகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். (லெகோ 1963-இல் செல்லுலோஸ் அசிடேட்டை விட்டு இதற்கு மாறியது. பழையது நாளடைவில் கோணிக்கொள்ளும்.) அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது ஏபிஎஸ். அடி விழுந்தால் தாங்குவது பியூட்டடையீன் ரப்பர். ஆக்சிஜனுக்கு முதலில் பலியாவதும் அதுதான். புற ஊதாக் கதிர் பட்டால் சீக்கிரம். பரணின் சூட்டிலும் சும்மா இருக்காது. ரப்பர் குணம் போய்விட்டால் மிச்சம் கண்ணாடி மாதிரிதான்.

இன்னொன்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டையைக் கட்டை பிடித்திருப்பதே இறுக்கத்தால். மாட்டியிருக்கும் வரை அதன் மெல்லிய சுவர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டபடியே இருக்கும். பத்து வருஷமும் ஓய்வில்லை. அழகாகக் கட்டி வைத்ததுதான் உடைகிறது. அவன் வாரி இறைத்த உதிரிகள் கல் மாதிரி இருக்கின்றன!

போனில் சொன்னேன். “கழட்டாதீங்கப்பா, அப்படியே வைங்க” என்கிறான்.