தைலம் சார்

எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு 'தைலம் சார்' என்று பெயர். அவர் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்து அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுவிடும். நாற்காலியிலிருந்து எழுந்தால் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நிற்பார். மாதத்தில் இரண்டு நாள் லீவு. "ஆடிட் வந்தா சாருக்கு இடுப்பு வலிக்கும், சம்பள நாள்னா சரியாயிடும்" என்று கேன்டீனில் ஒரு ஜோக் உண்டு. பெயரும் ஜோக்கும் யார் கைங்கரியம் என்கிறீர்கள்? அடியேனுடையதுதான்.

2022 ஜூலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். கேன் உட்கார்ந்துவிட்டது. என்னால்தான் உட்கார முடியவில்லை.

"ஒரு வாரத்துல சரியாப் போயிடும்" என்றார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, பிறகு மூன்று மாதமாயிற்று. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் 'நாள்பட்ட வலி' என்று டாக்டர்கள் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

முதல் மாதம், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கொள்ளு ரசம் குடி, முடக்கத்தான் தோசை சாப்பிடு, பெல்ட் போடு, தரையில் படு, தரையில் மட்டும் படுத்துடாதே... மூன்றாவது மாதம் சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். கையில் கட்டு இல்லை, காலில் மாவுக்கட்டு இல்லை. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், யார் நம்புவார்கள்? லீவு லெட்டர் நீட்டியபோது, "ஆடிட் முடியற வரைக்கும் வலியைத் தள்ளிப்போட முடியுமா பாருங்க" என்றார் மேனேஜர். பக்கத்து சீட்டில் சிரிப்பு. என் ஜோக், எனக்கே!

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். 'டிஸ்க் பல்ஜ்' என்றது ரிப்போர்ட். ராத்திரி செல்போனில் அதற்கு அர்த்தம் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. குனிந்தால் முதுகெலும்பு சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துவிடும் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு, கட்டிலைவிட்டு இறங்குவதையே குறைத்தேன்.

என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. பார்த்தாலே தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறவள். ஒருநாள் ரூம் வாசலிலேயே நின்று, ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் ரகசியம் சொன்னாள்: "அப்பாவைத் தொடாதே பாட்டி. ஒடைஞ்சுடுவார்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். இது நமக்குள் இருக்கட்டும்.

அந்த வாரம் தைலம் சார் வீட்டுக்கு வந்தார். வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப்பா முழிப்பு வருது?" என்றார். மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. "ஞாயித்துக்கிழமை என்கூட வா" என்றார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டின் மொட்டை மாடி. ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு டீச்சரம்மா, ரிட்டையர் ஆன நர்ஸ், ஐ.டி. கம்பெனித் தம்பி என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் வலிக்காரர்கள். சந்தா கிடையாது. சட்டங்கள் மட்டும் மூன்று உண்டு: யாரும் யாருக்கும் மருந்து சொல்லக் கூடாது. என் வலி பெரிசா உன் வலி பெரிசா என்று போட்டி கூடாது. வலியைச் சொன்னால், இந்த வாரம் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரு பிசியோதெரபி அம்மா வந்து பாடம் எடுப்பார். "தெருவுல ஒரு நாய். திருடன் வந்த அன்னிக்குக் குலைச்சுது, சரி. அதுக்கப்புறம் பால்காரனைப் பார்த்தும் குலைக்குது. குலைக்கிறது பொய்யா? நிஜம். ஆனா திருடன் இல்லை. நாள்பட்ட வலி பல சமயம் இப்படித்தான். காயம் ஆறியும் நரம்பு மண்டலம் உஷாராவே இருக்கும்" என்றார்.

என் டிஸ்க் பல்ஜுக்கும் பதில் வைத்திருந்தார். 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அலசியிருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 30 பேருக்கு டிஸ்க் பல்ஜ். 50 வயதில் 60 பேருக்கு! "தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும். ரிப்போர்ட்டை டாக்டர் படிக்கட்டும், நீங்க நடங்க. ஆனா கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கட்டுப்பாடு போனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி" என்றார்.

எட்டு நிமிஷம் நடக்கச் சொன்னார். நல்ல நாளிலும் எட்டு, கெட்ட நாளிலும் எட்டு. அடுத்த வாரம் ஒன்பது. நானோ வலி குறைந்த அன்று பரண் வரை சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் நாலு நாள் படுக்கிற ஜாதி!

ஐ.டி. தம்பி ஒருநாள், "காலையில முதுகு மரக்கட்டையா இருக்கு. ஒரு மணி நேரம் ஆகுது. நடந்தா தேவலை, படுத்தா மோசம்" என்றான். நர்ஸம்மா நிமிர்ந்து, "இது வேற ரகம். மூட்டுவாத டாக்டரைப் பாருப்பா" என்றார். ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ்! பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குவது. பலருக்கு அதன் பெயர் தெரியவே வருஷக்கணக்கில் ஆகிறது. தம்பிக்கு மொட்டை மாடியில் தெரிந்தது.

இன்னொரு ஞாயிறு டீச்சரம்மா ஒரு தாளைப் படித்தார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறதாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு கேன்டீன் ஞாபகம் வந்தது.

மாடிப்படி இறங்கும்போது, "சார், ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு பேர்... அதை வெச்சது நான்தான்" என்றேன்.

"தெரியுமே."

"தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்தீங்க?"

கைப்பிடியைப் பிடித்தபடி இன்னும் இரண்டு படி இறங்கினார். "பேர்ல தப்பில்லப்பா. தைலம் நிஜந்தானே? சம்பள நாள்ல சரியாயிடும்னு சொன்னே பாரு, அதுதான்... சம்பளத்தன்னிக்கும் வலிச்சுதுப்பா."

மன்னிப்பு என்ற வார்த்தை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. கேட்டேன். தோளில் தட்டினார்.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது. சில நாள் பழைய பாக்கியை வட்டியோடு கேட்கும். அந்த வருஷம் தாண்டி வந்த பொங்கலன்று பெண்ணைத் தூக்கினேன், பதினைந்து எண்ணும் வரை. முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒடையலையே!" என்றாள்.

லஞ்ச் நேரத்தில் வராந்தாவில் நடப்பதால் ஆபீஸில் எனக்கு இப்போது 'பீச் ரோடு சார்' என்று பெயராம். யார் வைத்ததோ தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள். அவருக்குத் தண்ணீர் கேன் தூக்கித் தர நான் தயார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஓர் இடம் பிடித்து வைக்கத் தயார்.