கேட்பதற்கு ஒன்றுமில்லாத பயணம்

திருக்காட்சிப் பெருவிழா முடிந்து, இளைஞர்கள் ஆலயத்துக் குடிலைப் பிரித்துக்கொண்டிருந்த மாலை வேளை. பங்கு இல்லத்துத் திண்ணையோரம் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றனர். இருவரும் சேர்ந்து என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை. ஆலயத்திற்கு வந்தால் அவர் ஆண்கள் பக்கமும் அம்மா பெண்கள் பக்கமும் போய்விடுவார்கள். சேர்ந்து வருகிறார்கள் என்றால் வீட்டில் ஏதோ வழக்கு என்று முடிவு செய்துகொண்டேன். அருள்பணியாளர்களுக்கு இப்படியொரு கெட்ட பழக்கம் உண்டு.

வழக்குதான். ஆனால் நான் எதிர்பார்த்த வழக்கன்று.

அவர் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி. வயது ஏறக்குறைய என் வயதுதான். மாங்காய்ப் பூட்டுக்கு அரம் பிடித்துப் பிடித்து வலது பெருவிரல் ஒரு பக்கமாய்த் தேய்ந்து போயிருக்கும். அம்மா மகளிர் குழுவில் சீட்டுப் போட்டுப் பன்னிரண்டாயிரம் ரூபாய் எடுத்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாமியாரையும் நல்லடக்கம் செய்தாயிற்று. திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் முதல் முறையாக வீட்டில் இருவர் மட்டும். அந்தப் பணத்தில் மூன்று நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் இருந்துவிட்டு வரலாம் என்பது அம்மாவின் ஆசை. அது பாவமா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"நீங்கதானே சாமி தவக்காலத்துல சொன்னீங்க?" என்றார் அவர். "வாசல்ல இலாசர் கிடக்கும்போது உள்ளே விருந்து சாப்பிட்ட பணக்காரன் கதை. இல்லாதவன் காசைக் கரியாக்கலாமான்னு கேட்டீங்களே."

சொன்னேன்தான். ஆண்டுதோறும் சொல்கிறேன். மறையுரை சொல்கிறவன் அது யார் காதில் போய் எப்படி விழுகிறது என்று பார்ப்பதில்லை. கார் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்னதை, பூட்டுக் கணக்கில் கூலி வாங்கும் மனிதர் தமக்குச் சொன்னதாக எடுத்து ஓராண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "அதற்கென்ன, வேளாங்கண்ணிக்கே போய் வாருங்களேன். அங்கேயும் கடல் இருக்கிறது. மாதாவையும் பார்த்த மாதிரி ஆகும்" என்று சமரசம் பேசினேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"மூணு தடவை போயிருக்கோம் சாமி. கலியாணமாகி மூணு வருசம் பிள்ளையில்லைன்னு ஒரு தடவை. பையனுக்கு மஞ்சக்காமாலை வந்து பிழைச்சப்ப ஒரு தடவை. மக கலியாணம் தள்ளித் தள்ளிப் போறப்ப ஒரு தடவை. மூணு தடவையும் கேட்கத்தான் போனோம். ஒரு தடவையாவது கேட்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம, சும்மா போகணும்."

குருமடத்தில் திருமணம் என்னும் அருளடையாளத்தைப் பற்றி ஒரு முழுப் பருவம் படித்தவன் நான். அதன் நோக்கங்கள், பண்புகள், முறிவுபடாத் தன்மை எல்லாவற்றையும் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் இணைச்சட்ட நூல் இருபத்து நான்காம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருப்பதை அன்று அந்த அம்மாதான் எனக்கு நினைவூட்டினார். புதிதாக மணம் முடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது. வேறெந்தப் பொறுப்பையும் அவன்மேல் சுமத்தக்கூடாது. ஓராண்டு அவன் வீட்டில் இருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பது அச்சட்டம். போரும் பஞ்சமும் நிறைந்த ஒரு காலத்தில், கணவன் மனைவியின் மகிழ்ச்சிக்கென்று ஓர் ஆண்டையே சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். தோபித்து நூலில் இரகுவேலும் மருமகனை உடனே அனுப்பிவிடவில்லை. பதினான்கு நாள் தம்மோடு உண்டு குடித்து இருக்கும்படி நிறுத்திக்கொள்கிறார்.

இந்தத் தம்பதியருக்கோ அந்த ஓராண்டு கிடைக்கவேயில்லை. மணமான நான்காம் மாதத்தில் அவருடைய தந்தை இறந்தார். தங்கைகள் இருவரின் பாரம் இவர் தலையில் விழுந்தது. ஆக, இருபத்தேழு ஆண்டு தாமதமாக மூன்று நாள் கேட்கிறார்கள்.

இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, உழைப்பவருக்கு ஓய்வும் குடும்பத்தோடு செலவிட நேரமும் உரியவை என்று சொல்வதையும், ஊர் பார்க்கும் பயணம்கூட மனிதரைப் பண்படுத்தும் என்று ஏற்றுக்கொள்வதையும் விளக்கினேன். சங்கம் சொன்னது அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. இணைச்சட்டம்தான் அசைத்தது. "பைபிள்லயே இருக்கா சாமி?" என்று இரண்டு முறை கேட்டார். எடுத்து விரித்துக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சரி" என்றார்.

அடுத்த கேள்வி எந்த ஊர் என்பது. கன்னியாகுமரி என்றால் கூட்டம் என்று அவருக்குப் பயம். நான் இறையியல் மாணவனாய் இருந்தபோது ஒரு விடுமுறையில் சில வாரங்கள் புதுச்சேரியில் தங்கியிருக்கிறேன். அந்த ஊரைச் சொன்னேன். பொங்கல் முடிந்து தவக்காலத்திற்கு முன்பான நாள்களே ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கோடை இன்னும் தொடங்கியிராது. ஆயினும் நண்பகல் வெயில் அங்கே கண்ணைக் கூசச் செய்யும். கடற்கரைச் சாலைக்கு விடியலிலும் மாலையிலும் மட்டும் போகுமாறு சொன்னேன். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. மனிதர் கால் வீசி நடக்கலாம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்களுக்கு நடுவே காந்தியார் சிலை, அருகில் 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். கரையோரம் பெரும்பாலும் பாறைக் கற்கள் கொட்டியிருப்பதால் அங்கே நீரில் இறங்க வேண்டாம் என்றும் எச்சரித்தேன். கால் நனைக்க வேண்டுமானால் சுண்ணாம்பாற்றில் படகேறி முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போகலாம்.

ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். திண்டுக்கல்லிலிருந்து வைகை விரைவு வண்டியில் விழுப்புரம். அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், பேருந்து. எழுத எழுத என் கை வழக்கம்போல் ஆலயங்கள் பக்கம் போயிற்று. 1791-இல் கட்டி முடிந்த, மக்கள் சம்பா கோயில் என்றழைக்கும் மறைமாவட்டத் தலைமை ஆலயம். நிலையத்துக்கு அருகே திரு இருதய ஆண்டவர் பேராலயம். கடலைப் பார்த்து நிற்கும் கப்ஸ் கோயில் - கப்புச்சின் துறவியர் பெயர் மருவி வந்தது அது. மூன்றையும் எழுதி முடித்து நிமிர்ந்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அருள்சகோதரியர் விடுதியில் அறைக்குக் கடிதம் தருகிறேன் என்றதற்கும் அதே சிரிப்பு. "அங்கே விடியக்காலம் மணி அடிப்பாங்க சாமி. எந்திரிக்காம இருக்க முடியுமா?" கடைசியில் பேருந்து நிலையத்தருகே சாதாரண விடுதி ஒன்றில் அறை எடுப்பதென்று முடிவாயிற்று.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா தனியே வந்தார். முகம் வாடியிருந்தது.

"போக வேண்டாம்னு தோணுது சாமி. பயமா இருக்கு."

"என்ன பயம்மா?"

"மூணு நாள் ரெண்டு பேரும் என்ன பேசுறது? வீட்டுல அரிசி, வாடகை, பிள்ளைங்க, அவுங்க அம்மா மருந்து... இதைத் தவிர நாங்க பேசினதே இல்லை. இப்ப அதுவும் தீர்ந்துபோச்சு. அங்கே போய் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பார்த்துக்கிட்டு உட்கார்ந்து, பேச ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சுன்னா?"

எனக்கு விடை தெரியவில்லை. இரவு உணவுக்குத் தனியே உட்காரும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஏதாவது மறைநூல் வசனம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை. என் தாயும் தந்தையும் நினைவுக்கு வந்தனர். நாற்பதாண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். என் குருப்பட்டத்திற்கு வந்ததைத் தவிர, அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போய் நான் பார்த்ததில்லை. அவர்களுக்குள் என்ன பேச்சு இருந்தது, அல்லது இல்லை என்பது எனக்குத் தெரியாது. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "கடல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும் அம்மா. பேசாமல் இருந்தாலும் மௌனமாகத் தோன்றாது" என்றேன். ஆலோசனை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

போகிற அன்று இன்னொரு சிக்கல். மாமியார் இருந்த காலம்வரை அந்த வீடு ஓர் இரவுகூடப் பூட்டிக் கிடந்ததில்லை. ஆயிரக்கணக்கில் பூட்டுச் செய்தவர் வீட்டில் கதவுக்குப் பூட்டு இல்லை! முதல் நாள் இரவு பட்டறையில் உட்கார்ந்து தமக்கென்று ஒன்று செய்து முடித்திருக்கிறார். சாவியில் ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறன்று திரும்பிவிட்டார்கள். மாலைத் திருப்பலியில் அவர் ஆண்கள் பக்கமும் அம்மா பெண்கள் பக்கமும் எப்போதும்போல் உட்கார்ந்திருந்தனர். இருவர் முகமும் வெயிலில் கறுத்திருந்தது. திருப்பலிக்குப் பின் சாவியை வாங்க அம்மா வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கோயில் ஒண்ணுக்குத்தான் போனோம் சாமி. கோவிச்சுக்காதீங்க. மத்த நேரமெல்லாம் அந்தக் கல்லு மேல உட்கார்ந்திருந்தோம். முத நாள் ஒண்ணும் பேசலை. ரெண்டாம் நாள் விடியக்காலம் சூரியன் வரும்போது அவுங்க அப்பாவப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. சாகுறதுக்கு முந்தின நாள் அவரோட சண்டை போட்டாங்களாம். இத்தனை வருசம் எனக்குத் தெரியாது." சற்று நின்று, "அழுதாங்க" என்றார்.

ஆலய வாசலில் அவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் நான் எழுதிக்கொடுத்த தாள், நான்காக மடித்தது. பின்பக்கம் பேருந்துக் கட்டணம் முதல் சுண்டல் வரை செலவுக் கணக்கு.

"தொள்ளாயிரம் மிச்சம் சாமி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மணப்பாடுன்னு ஒரு ஊரு, திருச்செந்தூருக்குத் தெக்கேன்னு சொல்றாங்களே. அங்கேயும் கடல் நல்லாயிருக்குமா?"

பேனாவை எடுக்க உள்ளே போனேன்.