வாள் முழங்குமுன்

மரம் நடுவதன் சிறப்பைப் பேசாத மேடை இல்லை. எழுதாத ஏடும் இல்லை. மரத்தை வெட்டுவது பற்றி எழுத முன்வந்தால், "மத்ரஸா ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை?" என்று வாசகர்கள் வியக்கக்கூடும். ஆயினும் நம் வீட்டுக் கொல்லைகளிலும், பள்ளிவாசல் வளாகங்களிலும், கபரஸ்தான்களிலும் பாட்டனார் காலத்து மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பட்டுப்போனாலோ, காற்றில் சாய்ந்துவிட்டாலோ, அதை இறக்கியே தீரவேண்டிய நாள் வருகிறது. அன்று நாம் செய்வது என்ன? யாரையாவது அழைத்து வந்து, கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்று பேசிவிட்டு, "இன்றைக்கே முடித்துக் கொடுங்கள்" என்கிறோம். அந்த அவசரத்தின் விலை என்ன என்பதை ஒரு மரம் எனக்குக் கற்பித்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை டெல்டா மக்கள் மறக்கமாட்டார்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்றில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சரிந்தன. எங்கள் மத்ரஸா வளாகத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரமோ விழவில்லை. சாய்ந்த நிலையில் நின்றுவிட்டது. அதன் பெருங்கிளைகள் இரண்டு, பிள்ளைகள் ஓதும் கட்டடத்தின் ஓட்டுக் கூரைக்கு மேலே தொங்கின. மறுபக்கம் தெருவின் மின்கம்பி. பின்னால் அண்டை வீட்டுச் சுவர். இன்னொரு காற்று அடித்தால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் பிள்ளைகளைப் பள்ளிவாசல் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டோம்.

நிர்வாகக் குழு கூடியது. ஓர் இளைஞர் வந்து பார்த்து, "ஒரு மணி நேர வேலை, 6,000 ரூபாய்" என்றார். அடுத்து வந்தவர் அறுபதை நெருங்கிய ஒரு மேஸ்திரி. அவர் மரத்தை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, "இரண்டு நாள் வேண்டும், 14,000 ரூபாய் ஆகும். முதல் நாளில் அடிமரத்தில் வாளே வைக்கமாட்டேன்" என்றார். குழுவில் சலசலப்பு எழுந்தது. "மரம் வெட்ட இவ்வளவு சடங்கா? அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு, குறைந்த கூலிக்காரரிடம் விடுங்கள்" என்றார் பெரியவர் ஒருவர். ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் ஒப்படை என்னும் பாடத்தைச் சிறுவர்களுக்கு நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்தையே அவருக்கு நினைவூட்டினேன். "ஹஜ்ரத் சொல்வதும் சரிதான்" என்று அவரே தலையசைத்ததும் மேஸ்திரிக்கே வேலை என்று முடிவாயிற்று.

அவர் வேட்டியை மடித்துக் கட்டியபோது இடது முழங்காலுக்கு மேலே ஒரு நீண்ட தழும்பு தெரிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்தவர், "இது மெஷின் வாள் போட்ட கையெழுத்து, ஹஜ்ரத். என்னோடு வேலை பார்த்த என் மச்சான் போனது வேறு விதம். மேலே மாட்டிக்கிடந்த காய்ந்த கிளை ஒன்று, கீழே வாள் ஓடிய அதிர்வில் தலையில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் அடிமரத்தைப் பார்க்குமுன் அண்ணாந்துதான் பார்க்கிறேன்" என்றார்.

அவர் சொன்னபடியே முதல் நாள் முழுவதும் ஆயத்தத்தில் கழிந்தது. முதலில் உச்சியை ஆராய்ந்தார். காய்ந்த கிளைகள், முறிந்து சிக்கிக்கொண்டவை, கொடி பின்னியவை ஒவ்வொன்றையும் விரல் நீட்டி எண்ணினார். பிறகு கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான இடத்தில் ஓர் ஓசை. உள்ளே உளுத்த இடத்தில் முரசு போன்ற வேறோர் ஓசை. நிலத்திலிருந்து 2 அடி உயரம் வரை ஒரு பக்கம் பொந்து இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழக்கம்போல் தரையை ஒட்டி அறுத்திருந்தால், மரம் தான் விரும்பிய பக்கம் திரும்பியிருக்கும். "இடுப்பு உயரத்தில்தான் அறுக்கவேண்டும்" என்று சுண்ணாம்பால் கோடிட்டார்.

அடுத்து மரத்தின் உயரம். இதற்கு அவர் கையாண்ட முறை, கணக்கு வகுப்பில் சொல்லத்தக்கது. தம் கண்ணுக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரத்தைக் குச்சியொன்றில் அளந்து, அதே நீளம் கைக்கு மேலே நிற்குமாறு குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தார். கை மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னோக்கி நடந்தார். அவர் நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம். 55 அடி வந்தது. மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்குள் அறுப்பவரைத் தவிர யாரும் நிற்கலாகாது என்பது இத்தொழிலின் விதி. அதன்படி 110 அடிக்குக் கயிறு கட்டினோம். அந்த எல்லைக்குள் அண்டை வீட்டாரின் துணி காயும் கொடியும் இருந்தது. அவ்வீட்டுத் தாயாரிடம் நானே சென்று, வெள்ளிக்கிழமை காலை யாரும் கொல்லைப்பக்கம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மத்ரஸாவுக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே அடிமரத்தை அறுக்க அந்த நாளைத் தேர்ந்தோம். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, இரு நாளும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தவும் ஏற்பாடு செய்தோம்.

கட்டடத்தின் மேல் தொங்கிய கிளைகளைக் கழிப்பதே முதல் நாளின் பெரிய வேலை. இடுப்பில் வார் கட்டிய இளைஞர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு கிளையையும் வடத்தில் கட்டிக் கைவாளால் அறுக்க, கீழே நின்றவர்கள் மெல்ல மெல்ல இறக்கினார்கள். மரத்தின் மேல் இயந்திர வாளை மேஸ்திரி அனுமதிக்கவில்லை. கிளைகள் இறங்க இறங்க, மரத்தின் பாரம் கட்டடப் பக்கத்திலிருந்து விலகியது. இறுதியில் 25 அடி உயர அடிமரம் மட்டும் நின்றது. அதையும் ஏன் குட்டையாக்கவில்லை என்று கேட்டேன். "உயரத்தில் வடம் கட்டி இழுத்தால்தான் இழுவைக்கு வலு கிடைக்கும்" என்றார்.

வெறும் அடிமரம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று கொள்ளலாம். ஒரு மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள துண்டு 2 டன்னைத் தாண்டும். எங்கள் மரத்தின் விட்டமோ ஏறத்தாழ 4 அடி. அத்தனை பாரமும் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை வாள் வைக்குமுன்னரே முடிவு செய்தாக வேண்டும். சாய்வுக்கு நேர் எதிரே தள்ளுவது கடினம். பக்கவாட்டில் விழச் செய்வது எளிது. பக்கவாட்டில் எங்கள் விளையாட்டுத் திடல் இருந்தது. திடலுக்கு அப்பால் நின்ற புளியமரத்தின் அடியில் வடத்தைக் கட்டிச் செயின் கப்பியால் இறுக்கினார்கள்.

பிறகு மேஸ்திரி தாம் ஓடவேண்டிய பாதையைச் செதுக்கினார். ஆம், ஓடும் பாதை! மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. அடிமரம் பின்னோக்கி உதைக்கக்கூடும். பின்புறமாக, இரு பக்கமும் 45 பாகைச் சரிவில் இரண்டு வழிகள் வேண்டும். அவ்விரு வழிகளிலும் கல், வேர், புதர் ஏதும் இல்லாமல் துப்புரவு செய்து, ஒருமுறை நடந்தும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு வேலை தொடங்கியது. எங்கள் கடற்கரை ஊரில் முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழும். அதற்குள் முடிக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் தலைக்கவசம், முகவலை, காதுமூடி, காலுறுதிக் காலணி அணிந்து, தொடையை மறைக்கும் ஒரு தடித்த காப்புத் துணியையும் கட்டிக்கொண்டார். அத்துணியின் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக இருக்கின்றன. வாள் பட்டவுடன் இழைகள் வெளிப்பட்டுச் சங்கிலியின் பல்சக்கரத்தில் சிக்கி, ஓட்டத்தை நிறுத்திவிடும். நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலிக்கு முன் மனிதத் தோல் என்ன தடை? சங்கிலியின் இறுக்கம், பற்களின் கூர்மை, தடுப்பு விசை மூன்றையும் சோதித்தார். பாதி அறுப்பில் நின்றுவிடாதிருக்க எரிபொருளை நிரப்பிக்கொண்டார். வாளின் நுனியில் மேற்பாதி எதன்மீதாவது இடித்தால், வாள் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும் என்று தம் உதவியாளருக்கு மறுபடியும் நினைவூட்டினார்.

அறுக்கும் முறையையும் எனக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தார். விழவேண்டிய பக்கத்தில், விட்டத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுக்கவேண்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து அறுக்கவேண்டும்; ஆனால் இரண்டு அறுப்பும் சந்திக்கவே கூடாது. இடையில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை விட்டுவைக்க வேண்டும். எங்கள் மரத்துக்கு அது ஏறத்தாழ 5 அங்குலம். அந்தப் பட்டைதான் கதவுக்குக் கீல் போல மரத்தைத் திருப்பிப் படுக்கவைக்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் யார் சொல்லையும் கேட்காது. விழும் பக்கமே மிகுதியாகச் சாய்ந்த மரத்தில் இன்னொரு கேடும் உண்டு. பின்பக்க அறுப்பு முடியுமுன்னரே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி அறுப்பவர் மீது பாயும். புயலில் விழுந்து கிடக்கும் மரமும் சாதுவானது அன்று. தண்டை அறுத்ததும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டை திடீரென்று பழைய குழிக்குள் திரும்பும். அருகில் நிற்பவரையும் சேர்த்து அழுத்திவிடும்.

இவற்றைக் கேட்டபோது, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபா அரபியில் ஆக்கிய 'கலீலா வ திம்னா' என் நினைவுக்கு வந்தது. பஞ்சதந்திரத்திலிருந்து பாரசீகம் வழியாக அரபிக்குச் சென்ற நூல் அது. தச்சன் பாதி பிளந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தின் மேல் அமர்ந்து, ஆப்பைப் பிடுங்கி அகப்பட்டுக்கொண்ட குரங்கின் கதை அதில் உண்டு. நம் தமிழிலும் அது பழமொழியாய் வழங்குகிறது. மரத்துக்குள் அடங்கிக் கிடக்கும் விசையை அறியாமல் கைவைப்பவரின் கதி அன்றும் இன்றும் ஒன்றே.

இயந்திரம் முழங்கத் தொடங்கியது. அதன் ஒலி 100 டெசிபெலைத் தாண்டும். அருகில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆகையால் கை உயர்த்தினால் நிறுத்தம், சிவப்புத் துணி அசைத்தால் ஆபத்து என்று முன்பே பேசிவைத்திருந்தோம். தெருவின் இரு முனைகளிலும் பெரிய மாணவர்கள் துணியோடு நின்றனர். பின்பக்க அறுப்பு உள்ளே செல்லச் செல்ல, உதவியாளர் ஆப்புகளை அடித்து இறக்கினார். மேஸ்திரி வாளை நிறுத்தி, செதுக்கிவைத்த பாதையில் நடந்து விலகினார். வடம் இறுகியது. கீல் முனகியது. மரம் திடலின் நடுவே, சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி தள்ளிப் படுத்தது. கூரையில் ஓர் ஓடும் உடையவில்லை. வாள் ஓடிய நேரம் மொத்தம் 40 நிமிடம் இருக்கும். எஞ்சிய ஒன்றேகால் நாள் முழுவதும் அந்த 40 நிமிடத்துக்காகவே செலவாயிற்று.

குறைந்த கூலி கேட்ட இளைஞரை நான் குறைகூறவில்லை. அவருக்கும் வீடு உண்டு, அடுப்பு எரியவேண்டும். ஒரு மணி நேரக் கூலிதான் கிடைக்கும் என்றால், கிளையை எண்ணவும், அடிமரத்தைத் தட்டிப் பார்க்கவும், ஓடும் பாதை வெட்டவும் அவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்காதவர்கள் மரத்தின் உரிமையாளர்களாகிய நாம்தான். நம் சிக்கனம் அவர் பிள்ளைகளை அநாதைகளாக்கிவிடக் கூடாது.

எனவே உங்கள் வீட்டில் மரம் இறக்கவேண்டிய நிலை வந்தால், தொழிலாளியிடம் கூலிக்கு முன் இவற்றைக் கேளுங்கள். மரம் எந்தப் பக்கம் விழும்? உள்ளே உளுத்திருக்கிறதா? மேலே காய்ந்த கிளை உண்டா? நீங்கள் எந்த வழியாக விலகுவீர்கள்? துணைக்கு ஆள் உண்டா? தலைக்கும் காலுக்கும் காப்பு இருக்கிறதா? தெளிவான விடை சொல்பவருக்கு, அவர் கேட்கும் நாளையும் சேர்த்துக் கூலி கொடுங்கள். சாலையோரத்து மரமோ அரசு நிலத்து மரமோ ஆனால், உரிய அனுமதியின்றிக் கைவைக்காதீர்கள். மலைப்பகுதிகளில் உள்ளவர்களுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி தேவைப்படலாம். காற்று வீசினால், "நாளை பார்க்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். தொழிலாளி சொல்லத் தயங்கும் சொல் அது.

கேட்கவேண்டியவை அனைத்தையும் வாள் முழங்குமுன் கேட்டுவிடுங்கள். முழங்கத் தொடங்கியபின், "நிறுத்துங்கள்" என்று நீங்கள் எவ்வளவு உரக்கக் கூவினாலும் அந்த மனிதருக்குக் கேட்காது.