முதல் 30 மீட்டர்

எங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயில் மூணு வருஷம் 100 மீட்டர் ஓடினேன். மூணு தடவையும் நாலாவது இடம். கடைசி 50-ல் ஆளைத் துரத்திப் பிடிப்பேன். ஆனா முதல் 30-ல் விட்டதை ஈடுகட்ட ட்ராக் பத்தாது. நாலாவதுன்னு சொன்னதும் அப்பா பி.டி. உஷா கதையை எடுத்துடுவார். 1984, லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், நொடியில் நூறில் ஒரு பங்குல வெண்கலம் போச்சு. ஆறுதலாம்!

கால்ல பலம் இல்லைன்னு நினைச்சு ஸ்குவாட்டா போட்டுத் தள்ளினேன். போன ஜூலையில் ஒரு சீனியர் அண்ணா என் ஸ்டார்ட்டை ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். பார்க்கவே கூச்சமா இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஆடுது, மூணாவது அடியிலேயே நெஞ்சு நிமிர்ந்துடுது. "கால் நல்லாத்தான்டா தள்ளுது, இடுப்பு தாங்கல" என்றார்.

அப்போதான் மிக்ஜாம் மழை ஞாபகம் வந்தது. 2023 டிசம்பரில், தி.நகர்ல நின்னுபோன அப்பாவோட ஸ்கூட்டரைத் தண்ணியில தள்ளினோம். இடுப்பு தளர்ந்தா கால் எவ்வளவு உதைச்சாலும் வண்டி நகராது. வயித்தை இறுக்கிட்டுத் தள்ளினா நகரும். ஓட்டமும் அப்படித்தான். கால் தரையைப் பின்னால தள்ளுது, தரை திருப்பித் தர்ற விசை நடு உடம்பு வழியாத்தான் மேல போகணும். நடுவுல ஆடினா விசை அங்கேயே வீணாகும். நியூட்டனோட மூன்றாம் விதியைப் பரீட்சையில எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பு வளைவு உண்டு. அதைச் சமாளிக்க முதுகையும் வயித்தையும் பலப்படுத்திக்கிட்டே இருந்தவர்தான் 2009-ல் பெர்லினில் 9.58 நொடி ஓடினார்.

அதனால காலையில லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிளாங்க், சைடு பிளாங்க், டெட் பக். கடைசியா சொன்னது, மல்லாந்து படுத்து எதிரெதிர் கை காலை மெதுவா இறக்கறது. முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. வாக்கிங் வந்த தாத்தா ஒருத்தர், "என்னப்பா, மயக்கமா?"ன்னு ஓடி வந்துட்டார்.

பிளாங்க் மட்டும் போட்டா வேகம் வராது, அதையும் சொல்லிடறேன். வாரம் ரெண்டு நாள் பெசன்ட் நகர் பீச்சில், ஈர மணல்ல 20 மீட்டர் முழு வேக ஓட்டம், எட்டு தடவை, நடுநடுவே ரெண்டு நிமிஷம் ஓய்வு.

இந்த மார்ச்தான் கடைசி ஸ்போர்ட்ஸ் டே. 30 மீட்டர்ல எனக்கு முன்னாடி ஒருத்தன்தான் இருந்தான். கடைசி 10-ல் இன்னொருத்தன் என்னைத் தாண்டிட்டான், அது எனக்குப் புது அனுபவம். மூணாவது இடம். அப்பாவுக்கு ஃபோன் பண்ணேன். உஷா கதை வரல.