நினைக்க மறந்ததை நினைவூட்டும் தலங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வறண்ட மேட்டு நிலங்களையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் காண்போர், இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்றால் எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் இங்குள்ள பாறைகளில் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகி உறைந்து கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாகக் கல்லாய்க் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பும் மரம் அங்கேதான் இருந்தது. எத்தனையோ பேர் அதைக் கடந்து நடந்திருப்பார்கள். கண்ணில் படுவது வேறு, கருத்தில் படுவது வேறு.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு இவ்வட்டாரத் திருக்கோயில்களைத் தரிசித்தால், அறிந்த தலங்களும் புதிய பொருள் தரும்.

முதலாவது, பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவிலுள்ள சிறுவாச்சூர். செல்லியம்மனை வருத்திய மந்திரவாதியை வதைத்த மதுரகாளியம்மன் இங்கே கோயில் கொண்டாள் என்பதும், தன் இடத்தை அவளுக்கு அளித்துவிட்டுச் செல்லியம்மன் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பதும் தலவரலாறு. சில விழா நாள்கள் நீங்கலாக, வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டுமே பொதுவாக இங்கே நடை திறக்கப்படுகிறது.

மாவிளக்கு இத்தலத்தின் தனிச்சிறப்பு. கடையில் விற்கும் மாவை வாங்கி வந்து பிசைவதில்லை. அரிசியைக் கொண்டுவந்து, ஊறவைத்து, கோயில் உரலிலேயே இடித்து, வெல்லம் சேர்த்து விளக்கிடுவது மரபு. உலக்கை பிடித்தவர் வேறெங்கும் பார்க்க முடியாது. கவனம் சிதறினால் மா சிந்தும், கை நோகும். அந்த அரைமணி நேரம் மனம் கையோடுதான் இருந்தாக வேண்டும். இடிக்கும் பெண்களின் மூச்சும் உலக்கையின் ஒலியும் ஒன்றாகிவிடுவதை அருகில் நிற்போர் காணலாம்.

வீட்டில் நடப்பதோ வேறு. காலையில் இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிய பெரியவர், பத்து நிமிடம் கழித்து, 'போட்டுக்கொண்டேனா?' என்று மனைவியைக் கேட்கிறார். தெருமுனை வரை சென்ற அம்மாள், கதவைப் பூட்டினோமா என்ற ஐயத்துடன் திரும்பி வருகிறார். வயதினால் வரும் மறதி உண்டு. மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. ஆனால் பலமுறை நிகழ்வது மறதியன்று. கை மாத்திரையை எடுத்தபோது மனம் அயல்நாட்டு மகனின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தது. பதியாத ஒன்றை எவ்வாறு நினைவுகூர்வது? நாமாவளியும் இவ்விதமே உதட்டோடு நின்றுவிடுகிறது. எஞ்சியிருக்கும் நாள்கள் இப்படியே கழிந்துவிடுமோ என்ற அச்சம் முதுமையில் எவருக்கும் எழக்கூடியதே.

அந்த அச்சத்துக்கு மருந்து கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி, வைத்தியநாதர் உறையும் பாடல் பெற்ற தலம். பங்குனியில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமணத்தால் பலரும் இதனை அறிவர். சுந்தரர் திருவாலம்பொழிலில் துயின்றபோது இறைவன் கனவில் தோன்றிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். அங்கே இறைவன் வினவியதை ஊன்றி நோக்க வேண்டும். மழபாடிக்கு வர மறந்தாயா என்று மட்டும் கேட்கவில்லை. வருவதற்கு நினைக்கவே மறந்தாயா என்பதே கேள்வி. நம்பியாரூரருக்கே இந்த நினைவூட்டல் தேவைப்பட்டது! கேள்வியில் கடிந்துரை இல்லை, அன்பே இருக்கிறது. விழித்த சுந்தரர் காவிரியைக் கடந்து வந்து பாடிய பதிகத்தில், நினைத்தல் என்னும் சொல்லே பாடல்களின் முடிவில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. ஆஞ்சநேயர் திருவுருவம் துலங்கும் நெடிய கம்பமே இங்கு மூலவர். கோயில் பணிக்கென வண்டியில் ஏற்றிவந்த கம்பம் வழியில் விழுந்துவிட, ஏற்றி வந்தவர் அதனை அங்கேயே விட்டுச் சென்றார். பல காலம் புதரில் கிடந்த அதன்மீது, காணாமற்போன பசு பால் சொரிந்து நின்றதைக் கண்ட பிறகே அவர் மகன் அதன் பெருமையை உணர்ந்தார் என்பது செவிவழி வரலாறு. இன்றும் உழவர்கள் தம் விளைச்சலின் தானியத்தைக் கொண்டுவந்து இங்கே காணிக்கையாக்குகின்றனர்.

நிறைவாக, செயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய இப்பெருங்கோயில் 2004-ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. வடபுற வாயிலின் அருகே, உமையோடு அமர்ந்த சிவபெருமான் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சூட்டும் சிற்பம் இருக்கிறது. மாலையைச் சுற்றும் விரல்களில் ஒரு தந்தையின் கனிவு தெரிகிறது.

அந்தச் சண்டேசர் யார்? சேய்ஞலூர்ச் சிறுவர் விசாரசருமர். ஊர்ப் பசுக்கள் மேய்வது அனைவரும் அன்றாடம் காணும் காட்சி. ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்ததைக் கண்டு அவர் உள்ளம் துடித்தது. மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். மண்ணியாற்றங்கரை மணலில் இலிங்கம் அமைத்து வழிபட்டது அதன்பின் நிகழ்ந்தது. பசுவின் வலியைக் கவனித்ததே அவர் பக்தியின் முதற்படி.

சிவாலயங்களில் சண்டிகேசுவரர் சந்நிதியில் கையைத் தட்டிவிட்டு விரைவோர் பலர். கோயில் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று கையைக் காட்டுவதே அதன் பொருள் என்பர் பெரியோர். தியானத்தில் இருப்பவர் முன் ஓசை செய்ய வேண்டியதில்லை. கைகளை மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும். அவ்வேளையில், வரும்போது மனம் எதைச் சுமந்து வந்தது, இப்போது எதைச் சுமந்து செல்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளலாம். மருமகளிடம் சொன்ன கடுஞ்சொல் அப்போது நினைவுக்கு வரலாம். நல்லதே, அடுத்த முறை அச்சொல் நாவுக்கு வரும்போதே தெரிந்துவிடும்.

தொலைதூரப் பயணம் இயலாத முதியோருக்கும் இதில் பங்குண்டு. மாலையில் திரியைத் திரித்து, எண்ணெய் ஊற்றி, விளக்கேற்றும் அந்த ஐந்து நிமிடங்களில் கையோடு மனமும் இருக்கட்டும். மனம் விலகினால், மழபாடியான் கேட்ட கேள்வியைக் கனிவோடு தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, மீண்டும் சுடரைப் பார்க்கலாம்.